ஒதுக்கிக் கொடுத்தலும் ஒதுக்கி வைத்தலும்

சென்ற மாதம் ஒரு நூல் வெளியீடு முடிந்து வழக்கம்போல மாமாக் கடையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். நாவலைப் பற்றிய பேச்சு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. (அந்த நாவலுக்குப் பத்து நிமிடமே அதிகம். அது வேறு கதை.) எதிர்வரிசையில் மூடிய கடையின் அஞ்சடியில் ஒருவர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், நான் மதிப்பவர், சொன்னார்: "இவங்களுக்குன்னு பட்டணத்துல ஒரு எடத்த ஒதுக்கிக் கொடுத்துட்டா என்னா? சாப்பாடு, டாய்லட், டாக்டர் எல்லாத்தையும் அங்கயே வச்சிடலாம். அவங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

மேசையில் யாரும் மறுக்கவில்லை. நானும்தான். வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு எனக்கென்று ஒரு காரணம் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். அன்றிரவு விழுங்கிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

'நமக்கும் நல்லது' என்ற பகுதியிலிருந்தே தொடங்கலாம். நமக்கு என்ன நல்லது? அஞ்சடியில் படுத்திருப்பவர் நம் ரொட்டி சானாயைப் பிடுங்கவில்லை. நம் கார் நிறுத்துமிடத்தை அடைக்கவில்லை. அவர் நமக்குச் செய்கிற ஒரே கெடுதல், நாம் பார்க்கும்படி இருப்பது. ஆகவே இந்தத் திட்டத்தில் முதலில் இடம்பெயர்க்கப்படுவது ஒரு காட்சி. மனிதர் அந்தக் காட்சியோடு சேர்ந்து போகிறார்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2014 ஜூலையில், அதுவும் நோன்பு மாதத்தில், அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் தெங்கு அட்னான் ஓர் அறிவிப்புச் செய்தார். புக்கிட் பிந்தாங்கில் இருக்கும் லாட் 10 பேரங்காடியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் யாரும் வீடற்றவர்களுக்கு உணவு வழங்கக் கூடாது. அதே நாட்களில் 'ஓப்ஸ் காசே' என்ற பெயரில் தெருக்களில் இருந்தவர்களைத் திரட்டி ஏற்றிக்கொண்டு போகும் நடவடிக்கையும் நடந்தது. காசே என்றால் அன்பு, கனிவு. பெயர் வைப்பதில் நம் அரசாங்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. இலவச உணவு சோம்பேறிகளை வளர்க்கிறது, குப்பை சேர்கிறது, நகரின் பெயர் கெடுகிறது என்றெல்லாம் அப்போது காரணங்கள் சொல்லப்பட்டன. எதிர்ப்பு கிளம்பியது. கெச்சாரா, பெர்த்திவி, டாப்பூர் ஜாலானான் போல ஆண்டுக்கணக்கில் தெருவில் சோறு கொடுத்துவந்த குழுக்கள் பேசின. அரசுத் தரப்பு கொஞ்சம் இறங்கி வந்தது. பிறகு பேச்சின் தொனி மாறியது: தடை இல்லை, ஆனால் கண்ட இடத்தில் வேண்டாம், குறித்த இடத்தில் கொடுங்கள்.

அந்த இரண்டு கிலோமீட்டருக்கு ஏன் லாட் 10 மையம்? ஒரு மருத்துவமனை மையமில்லை. ஒரு பள்ளிக்கூடம் மையமில்லை. சுற்றுலாப் பயணி பை வாங்கும் கடை மையம். கவராயத்தின் முள்ளை எங்கே ஊன்றுகிறார்கள் என்று பாருங்கள், யாருக்காக வட்டம் போடப்படுகிறது என்று தெரிந்துவிடும்.

எதிர்த் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை இரவு கோத்தாராயா பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு ஒரு குழு நாசி லெமாக் கொடுக்கும். ஒன்பதரைக்கு இன்னொரு குழு பிரியாணி. பத்து மணிக்கு ஒரு கம்பெனிக்காரர்கள் ஒரே நிறச் சட்டையில் வந்து படம் எடுத்துக்கொண்டு பிஸ்கட் கொடுப்பார்கள். திங்கட்கிழமை மழை பெய்தால் ஒருத்தரும் வரமாட்டார்கள். சனிக்கிழமை மிஞ்சிய பொட்டலங்களை எலி தின்னும், மறுநாள் கடைக்காரர் திட்டிக்கொண்டே கழுவிவிடுவார். இதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று மாநகர் மன்றம் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. உட்கார்ந்து சாப்பிட மேசை, கை கழுவத் தண்ணீர், குப்பைத் தொட்டி, மழைக்குக் கூரை. தாராளமாகச் செய்யட்டும். உணவு விநியோகத்தை ஒழுங்குபடுத்துவது ஒரு வேலை. அதைச் சாக்காக வைத்து மனிதர்கள் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று கோடு போடுவது முற்றிலும் வேறு வேலை. நம் நண்பர் முதலாவதைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதைப் பேசினார். பெரும்பாலோர் அப்படித்தான் பேசுகிறோம்.

அவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வியை யாராவது கேட்டதுண்டா? போக்கிடம் இல்லாததால் கண்ட இடத்தில் கிடக்கிறார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது தவறு. பட்டணத்தின் நடுப்பகுதியை அவர்கள் அறிந்த அளவுக்கு மாநகர் மன்றத்தின் வரைபடக்காரர் அறியமாட்டார். எந்த வங்கியின் வாசலில் விடிய விடிய விளக்கு எரியும், எந்த அஞ்சடியில் சாரல் அடிக்காது, எந்தக் காவலாளி ஐந்தரைக்கு எழுப்புவார், எவர் ஆறரை வரை விடுவார். எந்தக் கழிப்பறைக்கு எத்தனை காசு. எந்தக் கடையில் ஒரு கோப்பி ஓ வாங்கினால் போனுக்கு சார்ஜ் போட விடுவார்கள். கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோயிலும் துன் எச்.எஸ். லீ சாலை மாரியம்மன் கோயிலும் நடக்கிற தூரம். எந்த விசேஷத்துக்கு அன்னதானம் இருக்கும் என்பது கோயில் கமிட்டிக்காரரைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழர் மட்டும் என்றில்லை, சீனரும் மலாய்க்காரரும் அந்தக் கணக்கை வைத்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வேலை. ஆம், வேலை. சாப்பாட்டுக்கடையில் மங்கு கழுவுகிறவர், கட்டடத்தைக் கூட்டுகிறவர், இரவுக் காவலுக்கு நிற்கிறவர், பசார் மாலாமில் கூடாரம் தூக்குகிறவர், விடியற்காலை லோரியில் சாமான் இறக்குகிறவர். இவர்களில் பலருக்குச் சம்பளம் நாள்கணக்கு. அறை எடுக்க முன்பணம் வேண்டும், முதல் மாத வாடகை வேண்டும், ஐசி வேண்டும். ஐசி தொலைந்துபோயிருக்கும். எல்லாம் இருந்து அறை எடுத்தாலும், வேலை முடிகிற நள்ளிரவில் அந்த அறைக்குப் போக பஸ் இருக்காது.

சிங்கப்பூரிலும் கதை வேறில்லை. அங்கே 2019-இல் ஆய்வாளர் இங் கோக் ஹோ தலைமையில் நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு வெளியானபோது, தெருவில் உறங்குவோர் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்று தெரியவந்தது. 'நம்ம ஊர்லயா?' என்று பலர் அதிர்ந்தார்கள். பேட்டி கண்டவர்களில் பெரும்பகுதியினர் வேலையில் இருந்தார்கள் என்ற செய்தி அவ்வளவாக யாரையும் அதிரச் செய்யவில்லை. எண்ணிக்கையைவிட அதுதான் பெரிய செய்தி. சோம்பேறிகள் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அது கசக்கும்.

இனி என் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு குழுவோடு சனிக்கிழமைகளில் போய்வந்துகொண்டிருந்தேன். புடுராயா பக்கம் ஒரு பெரியவர் பழக்கமானார். பந்திங் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் விற்கப்பட்டு, கையில் கொடுத்த கொஞ்சப் பணம் தம்பி வீட்டில் கரைந்து, தம்பி மனைவியோடு ஒத்துவராமல் பட்டணத்துக்கு வந்தவர். அறுபது வயதுக்கு மேல். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து இரவு இரண்டு மணிவரை ஒரு கடையில் மங்கு கழுவுவார். அவர் பையைக் கடையின் பின்னால், கேஸ் தோம்புகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முதலாளி விட்டிருந்தார். இரண்டு மணிக்கு மேல் எதிர்க்கடை அஞ்சடியில் படுப்பார். அவ்வளவுதான் வாழ்க்கை. ஆனால் அது ஓர் ஏற்பாடு. யாரிடமும் கையேந்தாத ஏற்பாடு.

எனக்கு அது ஏற்பாடாகத் தெரியவில்லை, அவலமாகத்தான் தெரிந்தது. நகருக்கு வெளியே ஓர் இல்லம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, படிவம் நிரப்பி, இரண்டு வாரம் அவரிடம் பேசிப் பேசி, என் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வந்தார். திரும்பி வரும்போது வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மூன்று வாரம் கழித்து அதே அஞ்சடியில் அவரைப் பார்த்தேன். இல்லத்தில் யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. கட்டில் இருந்தது, மூன்று வேளை சோறு இருந்தது. "எல்லாம் இருக்கு தம்பி. காலைல எந்திரிச்சா போறதுக்கு ஒரு எடம் இல்ல." அதற்குள் கடையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். பை வைக்கும் இடம் போனது. படுக்கும் மூலையில் வேறொருவர். வேலையோடு இருந்த மனிதரை வேலை இல்லாத மனிதராக்கியது நான்தான். என்னைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அடுத்த சனிக்கிழமையும் போயிருப்பேன். போகவில்லை. ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

அதனால்தான் மாமாக் கடையில் நண்பர் பேசியபோது வாய் வரவில்லை. அவர் திட்டமாகச் சொன்னதை நான் ஏற்கெனவே ஓர் ஆள்மேல் செய்து பார்த்திருக்கிறேன்.

என் பெரியவருக்கு ஒரு வசதி இருந்தது, அவர் இல்லத்திலிருந்து கிளம்பி வரலாம். சட்டத்தின் கை பட்டவருக்கு அது இல்லை. 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் என்று ஒன்று இங்கே இன்னும் இருக்கிறது. இளைய வாசகர்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள், சில பக்கம்தான். பிச்சை எடுப்பவர் மட்டும் அதில் வரவில்லை. பிச்சை எடுக்காவிட்டாலும், பிழைப்புக்கு வழியோ தங்க இடமோ இருப்பதாகத் தெரியாமல், தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் கொடுக்க முடியாமல் பொது இடத்தில் சும்மா இருப்பவரும் ஆதரவற்றவர்தான். சமூகநல அதிகாரி அவரைப் பொறுப்பில் எடுத்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். மாஜிஸ்திரேட் நலன்புரி இல்லத்துக்கு அனுப்பலாம், விசாரணை அறிக்கைக்குப் பிறகு மூன்று ஆண்டுவரை. அனுமதியில்லாமல் அங்கிருந்து வெளியேறினால் மூன்று மாதம்வரை சிறை. குற்றம் செய்யாத ஒருவரை நல்லது செய்வதற்காக மூன்று ஆண்டு வைத்திருக்கலாம், அந்த நல்லதிலிருந்து தப்பித்தால் குற்றவாளி ஆக்கலாம். எதையும் இலக்கியமாகப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன், 'திருப்தியான விளக்கம்' என்ற சொற்களில் ஒரு நாவலே இருக்கிறது. நள்ளிரவில் அஞ்சடியில் நிறுத்தி "நீ யார், ஏன் இங்கே இருக்கிறாய்?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் திருப்தியாகப் பதில் சொல்வோம்?

'அது பழைய சட்டம், இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை' என்பார்கள். உறையில் இருந்தாலும் கத்தி கத்திதான். ஒதுக்கிய பகுதி என்று ஒன்றை வரைந்துவிட்டால், அதற்கு வெளியே படுத்திருப்பவரை என்ன செய்வது என்ற கேள்வி மறுநாளே வரும். அப்போது அந்த உறையைத்தான் தேடுவார்கள்.

தமிழில் ஒதுக்குதல் என்ற வினைச்சொல்லைக் கவனியுங்கள். ஒருவருக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கலாம். ஒருவரை ஒதுக்கியும் வைக்கலாம். ஒரே வினை, துணைவினைதான் மாறுகிறது. நம் மொழிக்கு இது ஏதோ தற்செயலாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஊரும் சேரியுமாக வாழ்ந்தவர்கள் உண்டாக்கிய சொல் அது. கப்பலேறி வந்த பிறகும் தோட்டத்து லயங்களில்கூடச் சாதி பார்த்துக் குடிவைத்த காலம் இருந்தது.

இன்னும் பக்கத்தில் வரலாம். அவசரகாலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் புதுக்கிராமங்களில் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். பெரும்பாலோர் சீனர்கள். தோட்டங்களிலும் நம்மவர்களின் லயங்களை ஒன்றாகக் குவித்து வேலி போட்டார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று வேலைக்குப் போகிறவர்களை வாசலில் சோதித்தார்கள். அரிசிக்கு அளவு. எங்கள் பாட்டி தூக்குச்சட்டியைத் திறந்து காட்டிய கதையைச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். யாருக்கு யார் எங்கே சோறு கொடுக்கலாம் என்று அரசாங்கம் வட்டம் போட்டது 2014-இல்தான் என்று நினைத்துவிட வேண்டாம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு பட்டணத்து ஓரங்களில் புறம்போக்கில் குடிசை போட்டோம். அங்கிருந்தும் எழுப்பினார்கள். 'தற்காலிகம்' என்று சொல்லி நீளவீடுகளில் வைத்தார்கள், அந்தத் தற்காலிகத்தில் பிள்ளைகள் பிறந்து பள்ளி முடித்தார்கள். 2009-இல் பினாங்கில் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டபோது எத்தனை கவிதை எழுதினோம். அதே கைதான் இன்று வாட்சப் குழுவில் 'இவனுங்கள எங்கயாவது கொண்டுபோய் விடணும்' என்ற செய்திக்குக் கட்டைவிரல் தூக்குகிறது. இடம்பெயர்க்கப்பட்டது நாம் என்றால் வரலாறு, அவர்கள் என்றால் நகர மேம்பாடு.

நம் இலக்கியமும் இதில் சுத்தம் இல்லை. போட்டிக்கு வரும் சிறுகதைகளைப் படிக்கும் துரதிர்ஷ்டம் எனக்குச் சில முறை வாய்த்திருக்கிறது. தெருவில் படுத்திருக்கும் பாத்திரம் வந்தால் போதும், கதை எப்படி முடியும் என்று தெரிந்துவிடும். அவர் பிள்ளைகளால் கைவிடப்பட்ட பழைய ஆசிரியராக இருப்பார். அல்லது கதாநாயகன் கொடுத்த சோற்றைப் பக்கத்து நாய்க்குக் கொடுத்துவிட்டு இறந்துபோவார். அவருக்கு வேலை இருக்காது, எரிச்சல் இருக்காது, லாட்டரி வாங்க மாட்டார், நாசி லெமாக்கில் சம்பல் குறைவு என்று குறை சொல்ல மாட்டார். கதாநாயகன் மனிதனாவதற்காக அவர் அங்கே கிடப்பார். இதுவும் ஓர் ஒதுக்கிடம்தான், கதைக்குள்ளே.

மணிமேகலையைப் படித்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். அமுதசுரபியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் போய் நின்றது உலக அறவி என்ற பொது அம்பலத்தில். ஆதரவில்லாதவர்கள் ஏற்கெனவே கூடியிருந்த இடம் அது. அவர்களை இன்னோர் இடத்துக்கு வரச் சொல்லவில்லை, இவள் போனாள். பிறகு மன்னனிடம் அவள் கேட்டது சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்க வேண்டும் என்பது. சிறையை அறச்சாலையாக மாற்றக் கேட்ட காப்பியத்தை வைத்திருக்கும் மொழியில் உட்கார்ந்துகொண்டு, அறச்சாலைக்குச் சிறையின் பூட்டைப் போடும் சட்டத்தைப் பற்றி நாம் ஒரு கட்டுரைகூட எழுதவில்லை.

'சரி, வேறு வழி சொல்' என்பார்கள். எனக்குப் பெரிய திட்டமெல்லாம் தெரியாது. இரண்டு வாரம் தங்கவிடும் இடம் ஆறு மாத வேலைக்கு உதவாது என்பது தெரியும். வேண்டியது பூட்டும் சாவியும் உள்ள சின்ன அறை, வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், நாள் சம்பளக்காரர் கட்டக்கூடிய வாடகையில். பின்லாந்துக்காரர்கள் 2008-இலிருந்து அப்படித்தான் செய்துவருகிறார்கள். முதலில் வீட்டைக் கொடுக்கிறார்கள். குடியை விடு, வேலை தேடு என்பதெல்லாம் அதற்குப் பிறகு. மொத்தமாகப் படுக்கவைக்கும் பழைய விடுதிகளையே தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றினார்கள். பணக்கார நாடு, உண்மைதான். ஆனால் மேல்மாடிகள் காலியாகக் கிடக்கும் பழைய கடைவீடுகள் கோலாலம்பூரில் இல்லையா? 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது தெருவில் இருந்தவர்களுக்கு மண்டபங்களைத் திறந்துவிட முடிந்தது. மருத்துவச் சோதனை செய்ய முடிந்தது, சிலருக்கு வேலைகூடத் தேடிக் கொடுக்க முடிந்தது. கிருமி நமக்கும் தொற்றும் என்ற பயம் வந்ததும் இடம் கிடைத்தது.

நண்பருக்கு இதையெல்லாம் சுருக்கி ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பினேன். "எழுத நல்லாருக்கு, நேர்ல போய் பாத்தாதான் தெரியும்" என்று பதில் வந்தது. ஒத்துக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்குக் கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே நிற்பேன். வரும்போது நாசி லெமாக் வாங்கிவர வேண்டாம், ஏற்கெனவே நான்கு பேர் கொடுத்திருப்பார்கள். வீட்டில் சும்மா கிடக்கும் படிக்கிற கண்ணாடி இருந்தால் கொண்டுவாருங்கள், பவர் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை. பெரியவர் இப்போது ஒரு பேரங்காடியில் கழிவறை கழுவுகிறார், இரவு வேலை. அவரைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலை ஐந்து மணிவரை இருக்க வேண்டும்.